மறு: மூட்டுத் தேய்மானத் துண்டறிக்கை: ‘ஸ்டாண்டர்டைஸ்டு எக்ஸ்ட்ராக்ட்’ தமிழில்?

திருச்சி மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கான துண்டறிக்கை நாளைக் காலை அச்சுக்குப் போக வேண்டும். அதில் ஒரு பத்தி மஞ்சள், இஞ்சி, குந்துருக்கம் பற்றியது. எல்லாம் இப்போது மாத்திரையாகக் கடையில் கிடைப்பவை. செயல்படும் பொருளின் அளவை நிலைப்படுத்திப் பிரித்தெடுத்ததைக் குறிக்கும் ‘ஸ்டாண்டர்டைஸ்டு எக்ஸ்ட்ராக்ட்’ என்பதைத் ‘தரப்படுத்தப்பட்ட சாறு’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த என் அத்தை, “அப்போ பச்சை மஞ்சளை இடிச்சுப் பிழிஞ்சு குடிச்சாப் போதுமே?” என்று கேட்டுவிட்டார். வேறு சொல் வேண்டும்.

மருந்தாளுநர்:
அத்தை கேட்டது சரியான கேள்வி. மஞ்சளில் செயல்படும் பொருளான குர்குமின் வகைகள் தூளில் சுமார் 3 விழுக்காடு. மாத்திரைக்குள் போவதில் பெரும்பாலும் 95. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றுக்கு ஈடுகட்ட ஏறக்குறைய 16 கிராம் தூள், அதாவது ஐந்து தேக்கரண்டி விழுங்க வேண்டும். குந்துருக்கமோ மரத்திலிருந்து வடிந்து காய்ந்த பிசின். அதில் சாறு ஏது? எரிசாராயத்தில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்து எடுக்கிறார்கள். ‘பிழிவு’ என்று யாரும் கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: இதில் பிழிவது எங்குமே இல்லை.

புலவர்:
தம்பி முந்திக்கொண்டார், நான் பிழிவு என்றுதான் எழுத வந்தேன். போகட்டும். ‘தேறல்’ இருக்கிறதே! தெளிந்து நிற்பது தேறல். மஞ்சள் தேறல், இஞ்சித் தேறல். சொல்லிப் பாருங்கள், எவ்வளவு அழகு. ‘சாறு’ பழைய வழக்கில் விழாவையும் குறிக்கும், ஆகவே அதில் பொருள்மயக்கம் உண்டு. இன்னொன்று, குந்துருக்கம் தூய தமிழ். தீயிலிட்டால் உருகுவது உருக்கம். முன்னால் நிற்கும் ‘குந்து’ பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

மருந்தாளுநர்:
ஐயா, வடமொழியில் அது ‘குந்துரு’. அந்த மடல் வேண்டாம். தேறல் தெளிந்த கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மூட்டுவலிக்காரர் எந்தக் கடையைத் தேடிப் போவார் என்று நினைக்கிறீர்கள்?

சித்த மருத்துவர்:
நம்மிடம் அகமருந்து, அதாவது உள்ளுக்குக் கொடுப்பது, 32 வகை. அதில் ‘சாறு’ தனி, ‘சத்து’ தனி. சாற்றின் ஆயுள் ஒரு சாமம், 3 மணி நேரம். மாதக்கணக்கில் டப்பாவில் கிடக்கும் பொருளைச் சாறு என்றால் எங்கள் மாணவர்களே சிரிப்பார்கள். ‘சத்து’ என்று போடுங்கள், தீர்ந்தது. அப்புறம், குந்துருக்கத்தைக் குங்கிலியம் என்று மாற்றிவிடாதீர்கள். குங்கிலியம் சால மரத்துப் பிசின், வேறு சரக்கு. அச்சில் இந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன்.

புலவர்:
‘சத்து’ வடசொல்லின் திரிபு. வடிப்பதால் வருவதை ‘வடிமம்’ எனலாம். படிவம், படிமம் போல.

திருச்சி மொழிபெயர்ப்பாளர்:
வடிமம் படிக்க நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் அத்தை அதை வடிவம் என்று படித்தார். சத்து என்றால், “சாப்பிட்டா உடம்பு தேறுமா?” என்கிறார்.

யாழ்ப்பாணத்து ஆசிரியர்:
‘சாறு’ பற்றி எனக்குச் சண்டை இல்லை. ‘தரப்படுத்தப்பட்ட’ தான் உறுத்துகிறது. எங்கள் ஊரில் தரப்படுத்தல் என்றால், தமிழ் மாணவர்களிடம் கூடுதல் மதிப்பெண் கேட்ட 1970களின் பல்கலைக்கழக அனுமதி முறைதான் நினைவில் வரும். மருந்துக் குப்பியில் அந்தச் சொல்லைப் பார்த்தால் என் வயதுக்காரருக்கு முழங்கால் வலி கூடும். நாங்கள் ‘நியம’ என்போம். புள்ளியியலில் ‘ஸ்டாண்டர்ட் டீவியேஷன்’ எங்களுக்கு நியம விலகல், அது போல.

மருந்தாளுநர்:
இங்கே அது ‘திட்ட விலக்கம்’. ‘திட்டச் சாறு’ என்றால் அரசுத் திட்டத்தில் இலவசமாகத் தருவது என்று நினைப்பார்கள். அண்ணை, சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு மாத்திரையிலும் செயல்படும் பொருள் ஒரே அளவில் இருக்கும். ‘அளவுறுதி செய்த’ போதாதா? பின்னால் ‘வடிசத்து’. வடித்ததும் தெரிகிறது, சத்தும் இருக்கிறது.

சித்த மருத்துவர்:
எனக்குச் சம்மதம், அரைமனதாக.

புலவர்:
வடிசத்து வினைத்தொகை, வல்லினம் மிகாது. ‘வடிச்சத்து’ என்று அச்சாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொள்கையளவில் என் மறுப்பு நிற்கிறது.

யாழ்ப்பாணத்து ஆசிரியர்:
அளவுறுதி ஓம். வடிசத்து... ம், பரவாயில்லை.

மருந்தாளுநர்:
சொல்லை விடுங்கள். மூலப்படியில் ‘குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும்’ என்று ஒரு வரி இருந்தால் எடுத்துவிடுங்கள் அம்மா. சிலருக்கு வலி ஓரளவு குறையலாம், அவ்வளவுதான். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மஞ்சள் மாத்திரை தொடங்கக் கூடாது என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

திருச்சி மொழிபெயர்ப்பாளர்:
இரண்டையும் செய்துவிட்டேன். ‘அளவுறுதி செய்த வடிசத்து’ என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே “வீட்டில் பிழியும் சாறு அல்ல” என்று சேர்த்திருக்கிறேன். நன்றி.

புலவர்:
அடுத்த பதிப்பில் வடிமம். ‘குந்து’ மடல் தயாராக இருக்கிறது, வேண்டுவோர் கேட்கலாம்.