மலையில் காலையில் வண்டி செல்ஃப் எடுக்காதபோது பூஸ்டர் கைகொடுத்த அனுபவங்கள்

மன்னவனூரிலிருந்து:

கொடைக்கானல் மலையில் பூம்பாறை தாண்டி மன்னவனூர் பக்கம் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். மார்கழி, தை மாதங்களில் விடிந்ததும் விடியாததுமாகக் கதவைத் தட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்துக்குத்தான் வருவார்கள். “அண்ணே, வண்டி செல்ஃப் எடுக்க மாட்டேங்குது.”

முந்தின ராத்திரி டிக்கியைத் திறந்துபோட்டுப் பாட்டு ஓடியிருக்கும், உள் விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கும். மிச்சத்தைப் பனி பார்த்துக்கொள்ளும். உறைபனி விழும் அளவுக்குக் குளிர் போனால், எஞ்சினைச் சுற்ற பேட்டரிக்கு இருக்கும் தெம்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் கெட்டியாகி, சுற்றுவதற்கு வழக்கத்தைவிட அதிக கரண்ட் கேட்கும். மதுரையில் ஒரு குறையும் தெரியாமல் ஓடிய நாலு வருஷப் பேட்டரி இங்கே வந்து படுத்துக்கொள்வது இதனால்தான்.

போன பொங்கல் லீவில் ஒரு குடும்பம் வந்திருந்தது. பூம்பாறை குழந்தை வேலப்பர் கோவிலுக்குக் காலை பூஜைக்குப் போகவேண்டும் என்று குளித்துக் கிளம்பி நிற்கிறார்கள். சாவியைத் திருப்பினால் மீட்டர் போர்டில் வெளிச்சமே இல்லை. பக்கத்தில் நின்ற பையன்கள் உதவி செய்கிற நல்லெண்ணத்தில், “தள்ளி இறக்கத்துல விட்டா தானா ஸ்டார்ட் ஆயிடும்ணே” என்று கை வைத்துவிட்டார்கள். நான் ஓடிப்போய் நிறுத்தினேன்.

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். அப்புறம் பெடல் கல்லாக நிற்கும். பவர் ஸ்டீயரிங்கும் வேலை செய்யாது. அந்த நிலையில் கொண்டை ஊசி வளைவு வந்தால் என்ன செய்வீர்கள்? அதுவும் அது ஆட்டோமேட்டிக் வண்டி. எவ்வளவு உருட்டினாலும் ஸ்டார்ட் ஆகாது. கியர் வண்டியாகவே இருந்தாலும், பேட்டரி முழுசாகச் செத்துப்போனால் எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்புக்கும் வண்டிக் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வேண்டாமா? பழைய அம்பாசிடர் காலத்துப் பழக்கத்தை இந்த வண்டிகளில் காட்டவே கூடாது.

வீட்டுக்குள்ளிருந்து பூஸ்டரை எடுத்து வந்தேன். இறங்கிப்போன பேட்டரியில் கிளிப் மாட்டி வண்டியை ஸ்டார்ட் பண்ண உதவும், கையில் தூக்கிப்போகிற சின்ன பேட்டரிப் பெட்டிதான் அது. பானட்டைத் திறந்தால் பாசிட்டிவ் டெர்மினல் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. அதன் மேல் கிளிப்பை மாட்டினால் கரண்ட் சரியாகப் போகாது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டுத் துடைத்த பிறகுதான் சிவப்பு கிளிப்பை பாசிட்டிவில் கவ்வ வைத்தேன். கறுப்பை பேட்டரிக்குத் தள்ளி எஞ்சின் பக்கம் பெயின்ட் இல்லாத இரும்பில். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரலாம் என்பதால் பொறி பறக்கிற இடம் தள்ளியே இருக்கட்டும்.

கிளிப் வயரில் பச்சை லைட் வரவில்லை. பேட்டரி ரொம்பவும் இறங்கிப்போனால் பூஸ்டருக்கு அது இருப்பதே தெரியாது. அதற்குத்தான் ‘பூஸ்ட்’ என்று தனி பட்டன். அதை அழுத்தினால் பல மாடல்களில் தலைகீழாக மாட்டினாலும் காப்பாற்றும் பாதுகாப்பு வேலை செய்யாது. அதனால் டார்ச் அடித்து பிளஸ், மைனஸ் குறியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு அழுத்தினேன். “அடிங்க தம்பி” என்றதும் ஒரே இழுப்பில் எடுத்துவிட்டது. பின்சீட்டில் இருந்த பாட்டி “வேலப்பா!” என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

உடனே கறுப்பு கிளிப்பை முதலில் கழற்றி, அப்புறம் சிவப்பைக் கழற்றினேன். கோவில் வாசலில் வண்டியை ஆஃப் பண்ண வேண்டாம், ஒருத்தர் உள்ளேயே இருங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன். அவ்வளவு காலியான பேட்டரி பூம்பாறை தூரத்துக்குள் ஏறிவிடாது. கீழே இறங்கியதும் பேட்டரிக் கடையில் டெஸ்ட் பண்ணச் சொன்னேன்.

உங்கள் பக்கம் எப்படி? எழுதுங்கள்.

ஊட்டி, டாக்ஸி ஓட்டுநர்:

அண்ணா சொன்ன பிரேக் விஷயம் சத்தியமான உண்மைங்க. கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி. அங்க எஞ்சின் ஆஃப்ல வண்டிய உருட்டுறத நெனச்சாலே வயிறு கலங்குது.

நான் ஒண்ணு சேர்த்துச் சொல்றனுங்க. பூஸ்டரை ராத்திரி வண்டிக்குள்ள விட்டுட்டு வராதீங்க. அதுக்குள்ள இருக்கறது லித்தியம், குளிருக்கு அதுவும் சோர்ந்துபோகும். தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையா கெடந்த ஒரு காலைல பெங்களூர்க்காரங்க டீசல் வண்டி ஒண்ணு நின்னுபோச்சு. அவங்க பூஸ்டர் ராத்திரி பூரா டிக்கிலயே கெடந்திருக்கு, ஒரு முக்கு முக்கிட்டு நின்னுருச்சு. என்னோடது ரூம்ல இருந்து ஜெர்கினுக்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போனது. ஹெட்லைட், புளோயர் எல்லாம் ஆஃப் பண்ணச் சொல்லி, மீட்டர்ல சுருள் லைட் (டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகறதுக்கு முன்ன உள்ள சூடாகுதுன்னு காட்டறது) அணையற வரைக்கும் பொறுத்து, மூணு செகண்ட் மட்டும் அடிக்கச் சொன்னேன். எடுக்கல. அரை நிமிஷம் விட்டு மறுபடி அடிச்சப்ப எடுத்துருச்சு. விடாம அடிச்சுட்டே இருந்தா பூஸ்டரும் சூடாகும், ஸ்டார்ட்டர் மோட்டாரும் போயிரும்.

அதேமாதிரி மேட்டுப்பாளையம் இறங்கினா வெயில்ல நிக்கற வண்டிக்குள்ளயும் வெக்காதீங்க. உப்பிப்போன பூஸ்டரைத் தொடவே தொடாதீங்க. சும்மா இருந்தாலும் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா சார்ஜ் போட்டு வெக்கணும்.

கோத்தகிரி:

சத்தத்தைக் கவனியுங்கள். “டக்டக்டக்” என்று வேகமாக அடித்தால் பேட்டரி டவுன். ஒரே ஒரு “டக்”கோடு நின்றால் டெர்மினலை ஆட்டிப் பாருங்கள். எங்கள் எஸ்டேட் வண்டிக்கு பூஸ்டர் மாட்டியும் ஒற்றை டக்தான். நெகட்டிவ் கிளாம்ப் கையிலேயே சுழன்றது. 10 எம்எம் ஸ்பேனரால் இறுக்கியதும் பூஸ்டர் இல்லாமலே எடுத்தது.

குன்னூர்:

அண்ணா, நான் ஸ்கூல் டீச்சர். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இறங்கும்போது இருட்டிவிடும், மழை வேறு. இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் ஜம்பர் கேபிள் வைத்திருந்தேன். ஆனால் அதற்கு இன்னொரு வண்டி பக்கத்தில் வந்து நிற்கவேண்டும். எங்கள் ஸ்கூல் ரோட்டில் ஒரு வண்டி நின்றாலே அடுத்தது போகாது. 1200 சிசி பெட்ரோல் வண்டிக்கு எவ்வளவு ஆம்பியர் பூஸ்டர் வாங்கலாம்?

மன்னவனூரிலிருந்து:

டீச்சர், அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் பீக் ஆம்பியர் ஒரு கணம் மட்டும் எட்டுகிற உச்சம். எத்தனை சிசி வரை என்று தனியாக எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். நமக்குக் குளிர் இருப்பதால் உங்கள் வண்டிக்குத் தேவையானதைவிட ஒரு படி மேலே வாங்குங்கள். 12 வோல்ட் பூஸ்டரை ஸ்கூல் பஸ்ஸுக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள், பெரிய பஸ்ஸெல்லாம் பெரும்பாலும் 24 வோல்ட். வாங்கியதும் பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை பானட்டைத் திறந்து, பாசிட்டிவ் எது, கறுப்பை எங்கே கவ்வ வைப்பது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் பேட்டரி பானட்டுக்குள் இருக்காது.