குக்கி மாவுக்குத் தமிழில் என்ன பெயர்? – பிசைமாவும் சில்லுமாவும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். என் அம்மா இப்போது அமெரிக்காவில் தங்கை வீட்டில் இருக்கிறார்கள். அந்நாட்டுக் கடைகளில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து விற்கும் குக்கி (பிஸ்கட் போன்ற இனிப்புப் பலகாரம்) மாவுப் பொதியைப் பேரப்பிள்ளைகளுக்காகச் சுட்டுத் தர விரும்பியதால், பொதியின் முதுகில் உள்ள செய்முறையைத் தமிழில் எழுதி அனுப்பும் வேலை பாளையங்கோட்டையில் இருக்கும் என்னிடம் வந்தது. பத்து வரிதான் இருக்கும். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன், ஏனெனில் அந்தப் பொதிக்குள் இருப்பதற்கு நம்மிடம் திருத்தமான பெயர் இல்லை.

மாவு என்னும் ஒரே சொல் நம்மிடம் மூன்று வேலை பார்க்கிறது. மில்லில் திரித்து வாங்கும் கோதுமை மாவு உலர்ந்த பொடி. தெருமுனையில் பொட்டலம் போட்டு விற்கும் இட்லி மாவு கரைசல். சப்பாத்திக்கு உருட்டி வைத்திருப்பது பிசைந்த கட்டி. அடுக்களையில் நிற்பவருக்கு இதனால் ஒரு குழப்பமும் வருவதில்லை. எழுத்தில்தான் வருகிறது: “மாவைத் தட்டில் வையுங்கள்” என்றால், பொடியைக் கொட்டுவதா, கரைசலை ஊற்றுவதா, கட்டியை வைப்பதா என்று படிப்பவர் கேட்பார். ஆகவே பிசைந்ததைப் ‘பிசைமாவு’ என்றும், கரைத்ததைக் ‘கரைமாவு’ என்றும் பிரிக்கலாம் என்பது என் முதல் பரிந்துரை. இரண்டும் ஊறுகாயைப் போன்ற வினைத்தொகைகள். இலக்கணத்துக்கும் நாவுக்கும் ஒத்துவருபவை.

அடுத்தது, குக்கிக்கு உரிய பிசைமாவு. ‘சுடுமாவு’ என்று முதலில் எழுதினேன். முறுக்குச் சுடுவதும் அதிரசம் சுடுவதும் நம் வழக்கம் என்பதால் வினை பொருத்தமானதே. ஆனால் சுடுசோறு, சுடுநீர் என்ற வரிசையில் சேர்ந்து, குளிரக் குளிர எடுக்க வேண்டிய மாவைக் கொதிக்கும் மாவாக்கிவிட்டது. பிறகு, அந்த மாவு உருளையாகச் சுற்றப்பட்டு, கத்தியால் வட்டம் வட்டமாக அரியப்படுவதை எண்ணி ‘அரிமாவு’ என்று எழுதிப் பார்த்தேன். அரிமா சங்கம்தான் நினைவுக்கு வருகிறது. சிங்கத்தை அடுப்பில் வைக்க அம்மா இசைய மாட்டார்கள்.

இப்போது என் மனம் ‘சில்லுமாவு’ என்பதில் நிற்கிறது. தேங்காய்ச் சில்லு என்கிறோம். பாண்டி விளையாட்டில் கட்டத்துக்குள் எறியும் ஓட்டுத் துண்டும் சில்லுதான். தட்டையாகவும் சிறிதாகவும் இருக்கும் துண்டு என்ற பொருள் நெல்லைச் சீமையில் எந்த வயதினருக்கும் உடனே விளங்கும். நம் பலகாரங்கள் பலவும் கை செய்யும் வேலையிலிருந்தே பெயர் பெற்றவை: முறுக்கியது முறுக்கு, தட்டியது தட்டை, உருட்டியது உருண்டை. அந்த முறையில், சில்லு சில்லாக அரிந்து சுடும் மாவு சில்லுமாவு ஆகலாம்.

குக்கிக்கே ‘ஈரட்டி’ என்னும் சொல்லைச் சிலர் பரிந்துரைப்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அது பிஸ்கட்டுக்காக, இருமுறை அடப்பட்டது (சமைக்கப்பட்டது) என்ற அதன் மூலப்பொருளைப் பின்பற்றிச் செய்த சொல். குக்கியோ ‘சிறிய கேக்’ எனப் பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒரே முறைதான் சுடப்படுகிறது. ஆகவே ஈரட்டி இதற்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து

*

அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். பிசைமாவையும் கரைமாவையும் முழு மனத்துடன் ஏற்கிறேன். மற்றவற்றில் எனக்கு மூன்று தடைகள் உண்டு.

ஈரட்டியை நீங்கள் தள்ளிய காரணம் வலுவற்றது. எள்ளின் நெய்யே எண்ணெய். ஆயினும் தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் என்று நாள்தோறும் சொல்கிறோம், எவரும் எள்ளைத் தேடுவதில்லை. சொல் பிறந்த காரணத்தை அது வாழ்நாள் முழுதும் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் எனக்கும் ஈரட்டி வேண்டாம், வேறொரு காரணத்தால்: எங்கள் தூத்துக்குடியில் முந்திரியும் சர்க்கரையும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துச் சுடும் மக்ரூன், வெளியிலிருந்து வந்த பெயரை அப்படியே வைத்துக்கொண்டு ஊர்ப் பலகாரம் ஆகிவிட்டது. குக்கியும் குக்கியாகவே இருக்கட்டும்.

சில்லுமாவில் உள்ள இடர், அந்த மாவில் பதித்திருக்கும் சாக்லேட் துணுக்குகள். அவற்றையும் பலர் சாக்லேட் சில்லு என்றே எழுதுகிறார்கள். சில்லுமாவு என்றால் சில்லு கலந்த மாவா, சில்லாக அரியும் மாவா? மேலும், எல்லாப் பொதிகளும் உருளையாக வருவதில்லை; டப்பாவிலிருந்து கரண்டியால் அள்ளி வைப்பதும் உண்டு.

மூன்றாவது தடை, சொல்லைவிட முதன்மையானது. பொதியில் சுடாத மாவை உண்ண வேண்டாம் என்ற எச்சரிக்கை இருந்தால், ‘பச்சை மாவு’ என்று எழுதி விட்டுவிடாதீர்கள். மாவிளக்கு மாவை வெல்லத்துடன் பச்சையாகவே உண்டு வளர்ந்தவர்கள் நாம். அச்சொல் நமக்கு அச்சம் தராது. அங்கே காரணம் முட்டை மட்டுமன்று, வெப்பத்தில் பதப்படுத்தாத கோதுமை மாவிலும் நோய்க்கிருமி இருக்கக்கூடும்.

தூத்துக்குடியிலிருந்து

*

அன்புள்ள தம்பிக்கு,

எண்ணெய் எடுத்துக்காட்டுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஈரட்டி பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். மக்ரூனை நான் மறந்தது, பாளையங்கோட்டைக்காரன் செய்யத் தகாத பிழை.

சில்லுமாவை முற்றிலும் கைவிட மனமில்லை. சாக்லேட் துணுக்கைச் ‘சாக்லேட் மணி’ என்றால் முதற்குழப்பம் தீரும். எல்லாப் பொதிகளும் உருளையாக வருவதில்லை என்ற தடை நியாயமானது என்பதால், பொதுப்பெயராகக் ‘குக்கிப் பிசைமாவு’ என்பதையும், உருளையாக வந்து அரிந்து சுடும் வகைக்கு மட்டும் ‘சில்லுமாவு’ என்பதையும் வைத்துக்கொள்வோம். மாவைத் தொட்டுப் பார்த்த அம்மா, “இது அதிரச மாவு மாதிரில்லா இருக்கு” என்று தொலைபேசியில் சொன்னார்கள். பாகில் பிசைந்து ஒரு நாளாவது வைத்திருந்து சுடும் மாவோடு, குளிரில் வைத்திருந்து சுடும் மாவை ஒப்பிட்டது எனக்குச் சரியாகவே படுகிறது.

எச்சரிக்கையை “சுடாமல் வாயில் போடக் கூடாது, பிள்ளைகளுக்கும் கொடுக்கக் கூடாது” என்று எழுதி, அதையே முதல் வரியாக்கிவிட்டேன். சில்லுகளுக்கு இடையே இரண்டு அங்குலம் இடைவெளி விடச் சொல்லி, வெண்ணெய் உருகி மாவு பரவும் என்ற காரணத்தையும் சேர்த்திருக்கிறேன். 350 பாகை பாரன்ஹீட்டை, அங்குள்ள அடுப்பில் அதே எண் இருப்பதால், செல்சியசுக்கு மாற்றவில்லை. அந்தச் சூட்டுக்கு அடுப்பை முன்கூட்டியே கொண்டுவருவதற்கு ஒரு கலைச்சொல் தேடி அரைமணி நேரம் செலவிட்டபின், எண்ணெயைக் காயவைப்பது போல “அடுப்பைக் காயவைத்து” என்று எழுதினேன். அம்மா அதற்கு விளக்கம் கேட்கவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து