தினமும் குவார்ட்டர்: ரிப்போர்ட் சொல்வதும், நிறுத்தும் முறையும்

கேள்வி (வைகைக்கரை): மாமாவுக்கு வயது 52. பல வருடமாக தினமும் ஒரு குவார்ட்டர் பிராந்தி. ரத்தத்தில் ஈரல் பரிசோதனை எண்கள்: ஏஎஸ்டி 148, ஏஎல்டி 61, ஜிஜிடி 310. இன்றே அடியோடு நிறுத்தச் சொல்லலாமா?

பதில் (ஆய்வகத்தான்): 180 மி.லி., 42.8% என்றால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஏஎஸ்டி, ஏஎல்டியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருப்பது குடியால் வரும் ஈரல் பாதிப்பின் அடையாளம். ஆனால் இந்த எண்கள் இறங்கிவிட்டால் ஈரல் தேறிவிட்டது என்று அர்த்தமில்லை. சிரோசிஸிலும் (ஈரல் தழும்பேறிச் சுருங்கும் நிலை) நார்மலாக வரலாம். பிளேட்லெட், அல்புமின் (ஈரல் தயாரிக்கும் புரதம்), ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகம்), ஃபைப்ரோஸ்கேன் (ஈரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன்) பாருங்கள். வெறும் கொழுப்பு ஈரலாக இருந்தால் குடியை விட்ட சில வாரங்களிலேயே குறையும்.

பதில் (இரவுப்பணி): நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் வீட்டில் பூட்டிவைத்து அல்ல. திடீரென நிறுத்தினால் 6 மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை. முதல் 48 மணிக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளில் ஜன்னி, இல்லாதது கண்ணில் தெரிவது. இது உயிரைப் பறிக்கும். இதைத் தடுக்கத் தரும் அமைதிப்படுத்தும் மருந்துகளில், ஈரல் கெட்டிருந்தால் குளோர்டயசெபாக்சைடைவிட லோராசெபாம் பாதுகாப்பு, மருத்துவர் கண்காணிப்பில்தான்.

சோர்வுக்கு வெறும் குளுக்கோஸ் டிரிப் மட்டும் ஏற்றாதீர்கள் (தெருமுனை கிளினிக்கில் இது சகஜம்). குடிப்பவர் உடம்பில் தயமின் (வைட்டமின் பி1) வறண்டிருக்கும். குளுக்கோஸை எரிக்க மிச்சமும் செலவாகி மூளை பாதிக்கும். தயமின் ஊசி முதலில், அல்லது கூடவே. குழப்பம், கண் ஆட்டம், தள்ளாட்டம் மூன்றில் ஒன்று இருந்தாலே இந்த மூளை பாதிப்பைச் சந்தேகப்படணும். தாமதித்தால் புது நினைவே பதியாத கோர்சகாஃப் நிலை.

பதில் (ஆய்வகத்தான்): ஒன்று விட்டுப்போச்சு: நடுக்கத்துக்குப் பதில் பகலில் தூக்கம், நீட்டிய கை படபடவென மடங்குவது என்றால் ஈரல் வடிகட்டாத அம்மோனியா மூளையைத் தாக்குகிறது. அதற்கு லாக்டுலோஸ் (மலமிளக்கி சிரப்), நாளுக்கு 2–3 முறை மலம் இளகலாகப் போகும் அளவுக்கு. முட்டை, பருப்பை நிறுத்தாதீர்கள்.