வயோமிங் 7-7: கணக்கா, கைவரிசையா?

பனிச்சறுக்கு:
நேற்று இன்னோர் இழையில் கூட்டல்கழித்தல் எழுதியது இது: "ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஓட்டு எத்தனை பங்கோ டெலிகேட்டும் அத்தனை பங்கு. ஏமாற்ற இடமே கிடையாது." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் தனி இழை. புதிதாகப் படிப்பவர்களுக்கு: கட்சி மாநாட்டில் அமெரிக்க அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள் டெலிகேட்டுகள். யாருக்கு எத்தனை டெலிகேட் என்பதை மாநிலம்தோறும் முடிவு செய்வது பிரைமரி (ஓட்டுச் சீட்டுத் தேர்தல்) அல்லது காகஸ் (நேரில் கூடி ஆதரவைக் காட்டும் கூட்டம்).

2016 ஏப்ரல் 9, வயோமிங் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சிக் காகஸ். பெர்னி சான்டர்ஸ் 55.7 சதவீதம், ஹிலரி கிளின்டன் 44.3. கிட்டத்தட்ட பதினொன்றரைப் புள்ளி வித்தியாசம். பங்கிட வேண்டிய டெலிகேட் 14. ஆளுக்கு ஏழு கொடுத்தார்கள்! ஜெயித்தவருக்கும் ஏழு, தோற்றவருக்கும் ஏழு. மேலே சூப்பர் டெலிகேட், அதாவது காகஸ் ஓட்டுக்குக் கட்டுப்படாத கட்சிப் பெரியவர்கள், நான்கு பேரும் கிளின்டன் பக்கம். ஆக, தோற்றவர் 11-7 என்று முன்னால் போனார். இதுதான் "ஓட்டு எத்தனை பங்கோ அத்தனை பங்கு" என்றால் எனக்குப் பங்கு என்ற சொல்லுக்கே அர்த்தம் தெரியவில்லை.

கூட்டல்கழித்தல்:
என் பெயரைச் சொல்லி இழை தொடங்கியதால் பதில் சொல்லியே ஆக வேண்டும். இந்த 7-7 புகாரை 2016-இலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்பவர்களில் ஒருவர்கூட ஒரு தாளை எடுத்து வகுத்துப் பார்த்ததில்லை.

அந்த 14 ஒரே மூட்டை இல்லை. மூன்று மூட்டை. தொகுதி டெலிகேட் 8. மாநிலப் பொது டெலிகேட் 4. கட்சித் தலைவர்கள், பதவியில் இருப்பவர்களுக்கென்று ஒதுக்கியது 2. ஒவ்வொரு மூட்டையையும் தனியாகத்தான் பங்கிட வேண்டும்.

8-இல் 55.7 சதவீதம் என்றால் 4.46. கிடைப்பது 4.
4-இல் 2.23. கிடைப்பது 2.
2-இல் 1.11. கிடைப்பது 1.
கூட்டினால் 7.

இதில் கைவரிசை எங்கே? அரை ஆளை மாநாட்டுக்கு அனுப்ப முடியாது.

பனிச்சறுக்கு:
14-ஐ ஒரே மூட்டையாக வைத்து வகுங்கள். 7.8 வரும். அதாவது 8-6. மூன்றாகப் பிரித்தால் மட்டும் 7-7. பிரித்த இடத்தில்தான் ஒரு டெலிகேட் காணாமல் போனது. குரங்கு அப்பம் பங்கிட்ட கதை நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்ததுதான்.

எடிசன்வாசி:
ஒரு டெலிகேட்டுக்கு இவ்வளவு அழுகையா? கிளின்டனும் ஒபாமாவும் மோதிய 2008 பிப்ரவரி 5 ஞாபகம் இருக்கிறதா? நியூஜெர்சியில் நாங்கள் பதினொரு லட்சத்துக்கும் மேல் பேர் ஓட்டுப் போட்டோம். கிளின்டன் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். டெலிகேட் 59-48. லாபம் 11. அதே நாள் ஐடஹோவில் காகஸ், வந்தவர்கள் சுமார் 21,000 பேர். அங்கே ஒபாமா 15-3. லாபம் 12. எங்கள் மாநிலத்தின் மொத்த உழைப்பையும் ஒரு மாலைநேரக் கூட்டம் தின்றுவிட்டது. அன்றைக்கு இந்த நியாயவான்கள் எல்லாம் எங்கே இருந்தார்கள்?

பனிச்சறுக்கு:
2008-இல் நான் இங்கே வரவே இல்லை. நான் கேட்டது வயோமிங். பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்லாதீர்கள்.

கூட்டல்கழித்தல்:
எடிசன்வாசி, உங்கள் கணக்கும் கோணல்தான். ஐடஹோவில் ஒபாமா ஏறக்குறைய 80 சதவீதம் வாங்கினார். நியூஜெர்சியில் கிளின்டன் 54-ஐக்கூடத் தொடவில்லை. பங்கு போடும் முறையில் லாபம் பார்க்க வேண்டுமானால் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். ஒபாமா ஆட்கள் இதைப் புரிந்துகொண்டு சின்னச் சின்னக் காகஸ் மாநிலங்களுக்கு எல்லாம் ஆள் அனுப்பினார்கள். உங்கள் கிளின்டன் அம்மையாரின் ஆட்கள் பெரிய மாநிலம் போதும் என்று இருந்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இப்போது வயோமிங். பனிச்சறுக்குக்கு ஒரு எண் தருகிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 158. மாநில மாநாட்டுக்குக் கவுன்டிகளிலிருந்து (நம் மாவட்டம் மாதிரி) தேர்வானவர்கள் மொத்தம் 280 பேர். சான்டர்ஸ் பக்கம் 156, கிளின்டன் பக்கம் 124. நீங்கள் சொல்லும் 55.7 சதவீதம் இதுதான். 8 பேர் மூட்டையில் ஐந்தாவது ஆள் கிடைக்க 56.25 சதவீதம் வேண்டும். 157 இருந்தால் 56.07, போதாது. 158 இருந்தால் போதும். அதாவது இரண்டே இரண்டு பேர் குறைவு. அந்த இரண்டு பேரைச் சேர்த்திருந்தால் 8-6. கட்சி மேலிடம் ஒன்றும் செய்யவில்லை. உங்கள் ஆட்கள் இரண்டு பேரைக் கோட்டைவிட்டார்கள்.

பனிச்சறுக்கு:
நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். 56.25 வாங்கினால்தான் ஒரு டெலிகேட் கூடுதல். அதுவரை ஜெயித்தாலும் சமம். 50-க்கும் 56-க்கும் நடுவில் ஓட்டுப் போட்டவர்களுக்கு மதிப்பு என்ன? பூஜ்யம்.

அப்புறம் இன்னொன்று. வயோமிங் மாநிலம் முழுவதுக்கும் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றக் கீழவை) தொகுதி ஒன்றே ஒன்றுதான். மாநிலமே தொகுதி, தொகுதியே மாநிலம். அங்கே தொகுதி டெலிகேட் 8, மாநிலப் பொது டெலிகேட் 4 என்று எதற்குப் பிரிக்க வேண்டும்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கூட்டல்கழித்தல்:
53 தொகுதி இருந்த கலிபோர்னியாவுக்கும் ஒரு தொகுதி வயோமிங்குக்கும் ஒரே விதி. ஆளுக்கு ஒரு விதி எழுதினால் அதுதான் கைவரிசை.

பனிச்சறுக்கு:
பதில் வரவில்லை. எதற்குப் பிரிக்க வேண்டும்?

சியாட்டில் அக்கா:
இரண்டு பேரும் டெலிகேட்டை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். நான் ஓட்டே போட முடியாத கதையைச் சொல்கிறேன்.

நான் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். 2016 மார்ச் 26, சனிக்கிழமை காலை வாஷிங்டன் மாநிலக் காகஸ். எனக்கு அன்று லீவு என்று இருந்தது. கடைசி வாரத்தில் டூட்டி பட்டியலை மாற்றிவிட்டார்கள். வர முடியாதவர்கள் முன்கூட்டியே படிவம் அனுப்பலாம் என்று இருந்ததுதான், ஆனால் அதற்கும் கெடு முடிந்துவிட்டது. நான் வார்டில் நின்றுகொண்டிருந்தபோது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் என் தெருக்காரர்கள் கைதூக்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் மே 24-ஆம் தேதி அதே மாநிலத்தில் பிரைமரி. தபாலில் ஓட்டுச் சீட்டு வந்தது. நிதானமாக, இரவு சமையல் முடித்துவிட்டு உட்கார்ந்து நிரப்பி அனுப்பினேன். கிளின்டன் ஏறத்தாழ 52-48 என்று ஜெயித்தார். ஓட்டுப் போட்டவர்கள் சுமார் எட்டு லட்சம் பேர். அதற்கு எத்தனை டெலிகேட் தெரியுமா? ஒன்றுகூட இல்லை. எல்லாம் மார்ச் காகஸில் 2,30,000 பேர் முடிவு செய்ததுதான்: சான்டர்ஸ் 74, கிளின்டன் 27. நீங்கள் ஒரு டெலிகேட் காணோம் என்று தேடுகிறீர்கள் தம்பி. இங்கே எட்டு லட்சம் சீட்டு காணாமல் போனது.

கூட்டல்கழித்தல்:
அக்கா சொன்னதைப் பனிச்சறுக்கு இரண்டு முறை படிக்க வேண்டும். நெப்ராஸ்காவும் அப்படித்தான். மார்ச் 5 காகஸில் சான்டர்ஸ் 57 சதவீதம். மே மாதப் பிரைமரியில் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கூட்டம், ஜெயித்தது கிளின்டன், டெலிகேட் கணக்கில் அது சேரவே இல்லை. இன்னும் கேளுங்கள். நெப்ராஸ்காக் காகஸில் 57 சதவீதத்துக்குச் சான்டர்ஸுக்குக் கிடைத்தது 25-இல் 15. அதாவது 60 சதவீதம். அங்கே மூட்டை பிரித்தது உங்களுக்கு லாபம். அதைப் பற்றி ஒரு நாளாவது இழை தொடங்கினீர்களா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

பனிச்சறுக்கு:
அக்கா, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் காகஸ் வேண்டும் என்று முடிவு செய்தது மாநிலக் கட்சி, சான்டர்ஸ் இல்லை. குளிரில் வந்து மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்களைக் குறை சொல்லாதீர்கள். நான் வேறு ஒரு மாநிலத்தில் காகஸில் நின்றிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் முகத்தைப் பார்த்துப் பேசி மனசை மாற்றியிருக்கிறேன். தபால் பெட்டியில் அது நடக்காது.

சியாட்டில் அக்கா:
நர்ஸும் பஸ் டிரைவரும் வர முடியாத கூட்டத்தில் நீங்கள் யார் மனசை மாற்றினீர்கள்? 2020-இல் எங்கள் மாநிலம் பிரைமரிக்கு மாறியது. அதற்கு அப்புறம்தான் என் சீட்டுக்கு உயிர் வந்தது.

எடிசன்வாசி:
டெக்சஸையும் சொல்லிவிடுகிறேன். 2008 மார்ச் 4. ஒரே நாளில் பகலில் பிரைமரி, இரவில் காகஸ். பிரைமரியில் கிளின்டன் 51-47. கடைசியில் டெலிகேட் ஒபாமாவுக்கு 99, கிளின்டனுக்கு 94. நான் அன்றிரவு தூங்கவில்லை.

கூட்டல்கழித்தல்:
அதுவும் கைவரிசை இல்லை. டெக்சஸில் 193 டெலிகேட். பிரைமரிக்கு 126, காகஸுக்கு 67. பிரைமரியில் கிளின்டன் 65-61 என்று ஜெயித்தார், அதை யாரும் பிடுங்கவில்லை. காகஸில் 38-29 தோற்றார். அந்த 126-ஐ 31 மாநில செனட் தொகுதிகளுக்குப் பிரித்ததும் முந்தைய தேர்தல்களில் கட்சிக்கு எங்கே எவ்வளவு ஓட்டு விழுந்ததோ அதை வைத்துத்தான். ஆஸ்டினில் ஓட்டு அதிகம், டெலிகேட் அதிகம். தெற்கு எல்லையோரத்தில் குறைவு, டெலிகேட் குறைவு. எல்லையோரம் கிளின்டன் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

செம்மண்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். குடியரசுக் கட்சியைப் பாருங்கள். 2016 தென் கரோலினாவில் டிரம்ப் 32.5 சதவீதம் வாங்கினார், 50 டெலிகேட்டும் அவருக்கே. மூன்றில் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், ஒரு டெலிகேட்கூட வேறு யாருக்கும் போகவில்லை. ஆனால் அதே கட்சி 2024 அயோவாவில் நம் விவேக் ராமசாமிக்கு 7.7 சதவீதத்துக்கு 40-இல் 3 கொடுத்தது. ஜனநாயகக் கட்சியாக இருந்தால் 15 சதவீதத்துக்குக் கீழே என்று வெறுங்கையோடு அனுப்பியிருப்பார்கள். அப்படியானால் எது நியாயம்?

எடிசன்வாசி:
"நம்" விவேக் ராமசாமியா? அவர் பேசுகிற கொள்கைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

செம்மண்:
பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். வீட்டில் பேசும் மொழி தமிழ். நம் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? கமலா ஹாரிஸுக்கு மட்டும் துளசேந்திரபுரத்தில் பூஜை செய்யலாமா?

எடிசன்வாசி:
அவருடைய தாத்தா ஊர் அது. அந்த ஊர்க்காரர்கள் செய்வார்கள். உங்களுக்கு ஏன் எரிகிறது?

செம்மண்:
எரிச்சல் உங்களுக்குத்தான். ஆளைப் பிடித்தால் தமிழர், பிடிக்காவிட்டால் அந்நியர். இந்தத் தளத்தில் இது எப்போதும் நடக்கிறது. போன தீபாவளிச் சண்டையிலும் இதையேதான் செய்தீர்கள்.

கூட்டல்கழித்தல்:
சாதி, ஊர், மொழியை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். செம்மண் கேட்டது நல்ல கேள்வி, அதற்கு நான் பதில் சொல்கிறேன். குடியரசுக் கட்சியில் பெரும்பாலும் ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டம். அயோவாவில் வாசல் வரம்பே இல்லை, அதாவது குறைந்தது இத்தனை சதவீதம் வாங்க வேண்டும் என்ற விதி இல்லை. அதனால் 7.7-க்கும் 3. தென் கரோலினாவில் மாநிலத்தில் முதலில் வந்தவருக்கு ஒரு கட்டு, ஒவ்வொரு காங்கிரஸ் தொகுதியிலும் முதலில் வந்தவருக்கு மூன்று. டிரம்ப் எல்லாத் தொகுதியிலும் முதலில் வந்தார்.

ஜனநாயகக் கட்சியில் அந்த வசதி கிடையாது. எல்லா மாநிலத்திலும் பங்கு, 15 சதவீத வாசல். இதைக் கேட்டு வாங்கியவர் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் நின்ற ஜெஸ்ஸி ஜாக்சன். 1988-இல் ஓட்டுக்கு ஏற்ற டெலிகேட் கிடைக்கவில்லை என்று அவர் தரப்பு மல்லுக்கு நின்றது. 1992-இலிருந்து முதலில் வந்தவன் அள்ளிப்போகும் வழிகளை எல்லாம் கட்சி அடைத்தது. அந்த 1988-இல் ஜாக்சனை ஆதரித்த பர்லிங்டன் மேயர் யார் என்று பனிச்சறுக்குக்குச் சொல்ல வேண்டியதில்லை. சான்டர்ஸேதான். அவர் ஆதரித்த ஆள் போராடி வாங்கிய விதியைத்தான் நீங்கள் குரங்கு அப்பம் என்கிறீர்கள்.

பனிச்சறுக்கு:
ஜாக்சன் கேட்டது பங்கு. மூன்று மூட்டை கேட்கவில்லை. பெரிய ஆள் பெயரைச் சொல்லி என் வாயை அடைக்கலாம் என்று பார்க்கிறீர்கள். 55.7 சதவீதம், 7-7. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் காட்டுங்கள். என்ன சொல்லும்?

கூட்டல்கழித்தல்:
என் மகளிடம் காட்டினேன். எட்டாம் வகுப்பு. "4.46-ஐ முழு எண்ணாக்கினால் 4 தானே அப்பா" என்றாள்.

பனிச்சறுக்கு:
அவளிடம் 14-இல் 55.7 சதவீதம் எவ்வளவு என்று கேட்டீர்களா?

கூட்டல்கழித்தல்:
அது விதியில் இல்லாத கேள்வி. ஆட்டம் முடிந்த பிறகு கோட்டை மாற்றிப் போட முடியாது. விதி 2016-க்கு முன்பே எழுதியது. இரண்டு தரப்புக்கும் தெரியும். உங்களுக்குத் தேவை 158, வந்தது 156. நாடு முழுக்க 4,051 டெலிகேட்டில் கிளின்டன் 350-க்கும் மேல் முன்னால் இருந்தார். வயோமிங்கின் 14-ஐயும் சான்டர்ஸுக்கே தூக்கிக் கொடுத்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.

பனிச்சறுக்கு:
மாறாது என்பதால் திருடலாமா?

சியாட்டில் அக்கா:
திருட்டு என்ற சொல்லைப் பார்த்துப் பேசுங்கள். திருட்டு என்றால் என் சீட்டுக்கு நடந்தது.

பனிச்சறுக்கு:
அக்கா, அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த இழை வயோமிங்.

எடிசன்வாசி:
இழை வயோமிங் என்றால் செம்மண் எதற்கு அயோவாவைக் கொண்டுவந்தார்? நான் நியூஜெர்சி என்றதும் கொட்டைப்பாக்கு என்றீர்கள். அவரை ஒன்றும் கேட்கவில்லையே.

செம்மண்:
என்னை ஏன் மறுபடியும் இழுக்கிறீர்கள்?

கூட்டல்கழித்தல்:
2020 அயோவாவையும் வேண்டுமானால் சொல்கிறேன். முதல் சுற்று ஓட்டிலும் கடைசிச் சுற்று ஓட்டிலும் சான்டர்ஸ் முதலிடம், டெலிகேட் இன்னொரு வேட்பாளர் புட்டிஜஜுக்கு 14, சான்டர்ஸுக்கு 12. அது உண்மையிலேயே சண்டை போட வேண்டிய இடம். ஏனென்றால் அங்கே ஓட்டு நேராக டெலிகேட்டாக மாறவில்லை, நடுவில் பூத்வாரியாக ஒரு மாற்றுக் கணக்கு இருந்தது. அதை விட்டுவிட்டு, வகுத்தல் சரியாக இருக்கிற வயோமிங்கைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது இதுதான்.

பனிச்சறுக்கு:
"ஏமாற்ற இடமே கிடையாது" என்று நேற்று எழுதியவர் இன்று "உண்மையிலேயே சண்டை போட வேண்டிய இடம்" என்கிறார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டல்கழித்தல்:
நான் சொன்னது பிரைமரி. அயோவா காகஸ். படித்துவிட்டுப் பேசுங்கள்.

பனிச்சறுக்கு:
வயோமிங்கும் காகஸ்தான்! அப்படியானால் முதல் பதிவிலேயே அதைச் சொல்லியிருக்கலாமே. இவ்வளவு நேரம் 8, 4, 2 என்று வகுத்துக்கொண்டிருந்தது எதற்கு?

கூட்டல்கழித்தல்:
வகுத்தல் இரண்டுக்கும் ஒன்றுதான். 158.

பனிச்சறுக்கு:
ஒரே தொகுதி உள்ள மாநிலத்தில் 14-ஐ எதற்கு மூன்றாகப் பிரித்தார்கள்? இன்னும் பதில் வரவில்லை.

கூட்டல்கழித்தல்:
வந்தது. மேலே போய்ப் படியுங்கள்.