நம் பக்கத்து இளம் விண்மீன் கூட்டங்கள்: சூப்பர்நோவா பெற்றெடுத்தவையா, எப்படியும் பிறந்திருக்குமா?

தென்வானம்:
சூரியனுக்கு அருகில் இளம் விண்மீன்கள் எப்படி வந்தன என்று எங்கே கேட்டாலும் இப்போது ஒரே பதில்தான் வருகிறது. சூப்பர்நோவா, அதாவது ஆயுள் முடிந்த பெரிய விண்மீன், வெடித்தது, வாயுவைத் தள்ளியது, வாயு குவிந்த இடத்தில் புது விண்மீன்கள் பிறந்தன. 2022-ல் கேத்தரின் ஸக்கர் குழு நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வுதான் இந்தப் பேச்சுக்கு மூலம். நம்மைச் சுற்றிச் சுமார் 1,000 ஒளியாண்டு அகலத்துக்கு வாயு மிக அரிதாக இருக்கிறது. அதை லோக்கல் பபிள், அதாவது நம் பக்கத்துக் குமிழி, என்கிறார்கள். சுமார் 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, ஏறக்குறைய 15 சூப்பர்நோவாக்கள் அதை ஊதிப் பெருக்கின என்பது அவர்கள் கணக்கு. 500 ஒளியாண்டுக்குள் விண்மீன் பிறக்கும் மேகங்கள் எல்லாம் அந்தக் குமிழியின் ஓட்டில், அதாவது வாயு குவிந்த வெளி விளிம்பில், இருக்கின்றன.

குமிழி இருப்பதை நான் மறுக்கவில்லை. மேகம் ஓட்டில் இருக்கிறது, ஆகவே ஓடுதான் விண்மீனைப் பெற்றது என்கிற தாவலைத்தான் ஏற்க முடியவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இது இருக்கலாம். ஏற்கெனவே திரண்டிருந்த மேகத்தைக் குமிழி ஓரமாக ஒதுக்கியிருந்தாலும் நமக்கு இதே படம்தான் தெரியும்.

கேட்டைக்காரன்:
தென்வானம் சார், ஓட்டில் இருக்கும் மேகங்களை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் சான்று அதோடு முடியவில்லை. விருச்சிகம்–சென்டாரஸ் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மிக அருகில் பெரிய நீல விண்மீன்கள் திரளாகப் பிறந்த இடம் அதுதான். நாம் கேட்டை என்று சொல்லும் அன்டாரெஸ், அனுஷத்தின் மூன்று விண்மீன்கள், தெற்குச் சிலுவையின் அடிமீன் ஆக்ரக்ஸ் எல்லாம் அந்தக் குடும்பம்.

விண்மீன்களின் இடத்தையும் வேகத்தையும் அளந்த கையா விண்கலத்தின் அளவீடுகளை வைத்து 2023-ல் வியன்னா பல்கலைக்கழகக் குழு இந்தக் கூட்டத்தைச் சிறு சிறு கொத்துகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வயது கணித்தது. நடுவில் இருப்பவை மூத்தவை, பெரியவை. அங்கிருந்து கரோனா ஆஸ்ட்ராலிஸ் மேகத்தை நோக்கிப் போகப் போகக் கொத்துகள் இளையவையாகவும் சிறியவையாகவும் ஆகின்றன. இதுகூட தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் அதே வரிசையில் வேகத்தையும் பாருங்கள். தூரம் கூடக்கூட வெளிநோக்கிய வேகமும் கூடுகிறது. தானாகச் சுருங்கிய மேகத்துக்கு அந்த வேகம் எங்கிருந்து வரும்? பின்னாலிருந்து ஏதோ ஒன்று திரும்பத் திரும்பத் தள்ளியிருக்க வேண்டும்.

தென்வானம்:
வேகக் கணக்கு வலுவானது. அதை ஒதுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன அதே ஆய்வில் இன்னொரு விவரம் இருக்கிறது. விருச்சிகம்–சென்டாரஸில் விண்மீன் பிறப்பு நான்கு அலைகளாக நடந்தது, சுமார் 2 கோடி, 1.5 கோடி, 1 கோடி, 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அவற்றில் பெரிது 1.5 கோடி ஆண்டு அலை. குமிழி ஊதத் தொடங்கியதோ 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன். பெரும்பான்மையான விண்மீன்கள் குமிழிக்கு முன்பே பிறந்துவிட்டன! குமிழியை அவைதான் ஊதின. அப்படியிருக்க, நம் பக்கத்து விண்மீன்களைச் சூப்பர்நோவாதான் பெற்றது என்று பொத்தாம்பொதுவாக எப்படிச் சொல்வது?

அருந்ததி_74:
நடுவில் ஒரு சந்தேகம். சப்தரிஷி மண்டலமும் இப்படி ஒன்றாகப் பிறந்த கூட்டம்தானே? அதுவும் இந்தக் கணக்கில் சேருமா?

கேட்டைக்காரன்:
ஏழில் ஐந்து ஒரே கூட்டம்தான் அம்மா, அருந்ததியும் சேர்த்தி. சுமார் 80 ஒளியாண்டு தூரம். ஆனால் வயது 40 கோடி ஆண்டு அளவில். பிறந்த மேகம் எப்போதோ கலைந்துவிட்டதால் இந்த விவாதத்துக்கு உதவாது.

லித்தியம்:
இரண்டு பேரும் வயதைக் கல்வெட்டு மாதிரி வைத்துப் பேசுகிறீர்கள். 1.5 கோடி முந்தியதா, 1.4 கோடி முந்தியதா என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு நம் கடிகாரம் துல்லியமில்லை.

பீட்டா பிக்டோரிஸ் கூட்டத்தையே பாருங்கள். பீட்டா பிக்டோரிஸ் சுமார் 63 ஒளியாண்டில் இருக்கிறது, 1984-ல் தூசித் தட்டு படம்பிடிக்கப்பட்ட விண்மீன். 32 ஒளியாண்டில் இருக்கும் ஏயூ மைக்ரோஸ்கோப்பியும் அதே கூட்டம். வயது கணிக்க ஒரு வழி, விண்மீன்களை அவற்றின் வேகத்தோடு பின்னோக்கி ஓடவிட்டு எப்போது மிக நெருங்கியிருந்தன என்று பார்ப்பது. இதில் சுமார் 1.85 கோடி ஆண்டு வருகிறது. இன்னொரு வழி லித்தியம் என்ற தனிமம். சிறிய விண்மீனில் வாயு அடிமுதல் மேல்வரை கலந்து புரண்டுகொண்டே இருக்கும். மையத்தில் வெப்பம் 25 லட்சம் டிகிரியைத் தொட்டதும் லித்தியம் அழிந்துவிடும். எந்த மங்கல் வரை லித்தியம் தீர்ந்திருக்கிறது என்று பார்த்தால் வயது கிடைக்கும். இந்த வழியில் 2 கோடிக்கு மேல் வருகிறது.

முதல் வழியில் சிறு பிழைகூடப் பெரிதாகிவிடும். நொடிக்கு 1 கிலோமீட்டர் வேகம் என்றால் 10 லட்சம் ஆண்டில் சுமார் 3.34 ஒளியாண்டு நகர்வு. வேகத்தில் அந்த 1 கிலோமீட்டர் பிழை இருந்தால் 2 கோடி ஆண்டு பின்னோக்கிப் போகும்போது சுமார் 67 ஒளியாண்டு தள்ளிப்போய் நிற்பீர்கள்.

ஆனால் எல்லாமே பிழை என்றும் சொல்ல முடியாது. 2024-ல் நூரியா மிரெட்-ரோய்க் குழு பல இளம் கூட்டங்களில் பின்னோக்கி ஓடவிடும் கணக்கை, விண்மீன்களின் ஒளியையும் நிறத்தையும் வைத்து வயது சொல்லும் கணக்கோடு ஒப்பிட்டது. ஓட்டக் கணக்கு எப்போதும் சுமார் 55 லட்சம் ஆண்டு குறைவாகவே காட்டியது. அவர்கள் விளக்கம் இது: பிறந்ததும் விண்மீன்கள் சிதறுவதில்லை. தாய் மேகத்தின் ஈர்ப்பில் அத்தனை காலம் கட்டுண்டு கிடந்து, வாயு விலகிய பிறகுதான் பிரிகின்றன. ஓட்டக் கடிகாரம் பிரிவிலிருந்தும் ஒளி-நிறக் கடிகாரம் பிறப்பிலிருந்தும் எண்ணுகின்றன.

கேட்டைக்காரன்:
அருமை. இது என் பக்கத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. வாயுவை விலக்கியது யார்? பெரிய விண்மீன்களின் புற ஊதா ஒளி, அவை வீசும் துகள் காற்று, கடைசியில் வெடிப்பு. ஓரிடத்தில் விலக்கப்பட்ட வாயு பக்கத்தில் குவியத்தானே வேண்டும்? 1.5 கோடி ஆண்டு அலையைப் பற்றித் தென்வானம் சார் கேட்டதற்கும் பதில் இதில் இருக்கிறது. அதற்கு 50 லட்சம் ஆண்டு முன்பே ஓர் அலை இருந்தது. மிகப் பெரிய விண்மீன்கள் சில மில்லியன் ஆண்டுகளிலேயே வெடித்துவிடும்.

வெடிப்புகள் கற்பனையும் இல்லை. பசிபிக் கடலடிப் பாறை ஓட்டில் இரும்பு-60 என்ற கதிரியக்க இரும்பு கிடைத்ததை 1999-ல் மியூனிக் குழு வெளியிட்டது. அதன் அரை ஆயுள் 26 லட்சம் ஆண்டுதான். பூமி உருவானபோது இருந்திருந்தால் இதற்குள் துளி மிஞ்சியிருக்காது. அண்மையில் அருகே வெடித்த விண்மீனிலிருந்துதான் அது வந்திருக்க முடியும்.

தென்வானம்:
தம்பி, வெடிப்பு நடந்ததை யாரும் மறுக்கவில்லையே. இரும்பு-60 வெடிப்புக்குச் சாட்சி, பிறப்புக்கு இல்லை. வாயுவைக் குவிக்கும் அதே காற்று மேகத்தைக் கிழித்து, பிறக்கவிருந்த விண்மீனைப் பிறக்க விடாமலும் செய்யும். கணக்கில் இரண்டையும் எழுத வேண்டாமா?

டிடபிள்யூ ஹைட்ரே என்ற இளம் விண்மீனைப் பாருங்கள். சுமார் 196 ஒளியாண்டு தூரம், வயது ஏறக்குறைய 1 கோடி ஆண்டு. அதைச் சுற்றிய தூசித் தட்டில் வளைய இடைவெளிகளை 2016-ல் அல்மா தொலைநோக்கி காட்டியது. பிறந்த மேகத்தின் தடயமே அருகில் இல்லாததால், இது எங்கிருந்து வந்தது என்று பல காலம் குழம்பினார்கள். 1997-ல்தான் எக்ஸ்-கதிர் வழியாக அதன் உடன்பிறப்புகள் உறுதியாயின. சில டஜன் விண்மீன்கள், பெரும்பாலும் சிறியவை. இவ்வளவு சிறிய கூட்டம் விருச்சிகம்–சென்டாரஸ் மேகத்தின் ஓரத்துத் துண்டு ஒன்று தானே சுருங்கிப் பிறந்திருக்கலாம். அதற்கு ஒரு வெடிப்பை வரவழைக்க வேண்டிய கட்டாயம் என்ன?

லித்தியம்:
அப்படியானால் சோதனையை அங்கேயே வையுங்கள். கேட்டைக்காரன் சொல்வது சரியென்றால், டிடபிள்யூ ஹைட்ரே கூட்டம் விருச்சிகம்–சென்டாரஸின் நடுப்பகுதியிலிருந்து வெளிநோக்கி, தன் மூத்த கொத்துகளைவிட வேகமாகப் போக வேண்டும். தென்வானம் சொல்வது சரியென்றால் அந்தக் கூடுதல் வேகம் இருக்காது.

கையாவின் நான்காம் தரவு வெளியீடு 2026 டிசம்பருக்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது. ஆனால் மங்கலான, வேகமாகச் சுழலும் இளம் சிறு விண்மீன்களுக்கு நம்மை நோக்கிய வேகத்தை அது மட்டும் துல்லியமாகத் தராது. தரைத் தொலைநோக்கியின் நிறமாலையும் வேண்டும். ஜோடி விண்மீன்களை முதலில் விலக்குங்கள். ஒன்றையொன்று சுற்றும் வேகம் கூட்டத்தின் வேகமாகத் தெரிந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

தென்வானம்:
இந்தச் சோதனைக்குச் சம்மதம். கூடுதல் வேகம் வந்தால் டிடபிள்யூ ஹைட்ரேயை அவர் பக்கம் எழுதிக்கொள்ளட்டும். 1.5 கோடி ஆண்டு அலையை மட்டும் விட்டுத்தர மாட்டேன், அதற்கு அவர் தனியாகச் சான்று கொண்டுவர வேண்டும்.