பஃபர்புளோட்டுக்கு ‘பொதித்தேக்கம்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். இணையப் பெட்டியின் இடையகத்தில் (buffer, தரவு சற்று நேரம் காத்திருக்கும் இடம்) பொதிகள் (packets, தரவுத் துண்டுகள்) அளவுக்கு மீறிச் சேர்ந்து தாமதமாவதை ஆங்கிலத்தில் பஃபர்புளோட் (bufferbloat) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும்போது ஒருவர் எழுதியது:

> இடையக வீக்கம் என்றே வைத்துவிடலாமே, பணவீக்கம் இருக்கிறதே.

இதைப் படித்ததும் சரிதானே என்றுதான் எனக்கும் தோன்றியது. அப்புறம் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை நினைத்துப் பார்த்ததில் மனம் மாறிவிட்டது. அதைச் சொல்லிவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

எங்களுடையது கண்ணாடி இழை இணைப்பு. தெருவில் ஒரே இழை 32 ஆகவோ 64 ஆகவோ பிரிந்து வீடுகளுக்குப் போகிறதல்லவா, அதில் எங்கள் பங்கு டிவி அலமாரிக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைப் பெட்டியில் வந்து முடிகிறது. போவதும் வருவதும் அந்த ஒரே இழைதான். 1490 நானோமீட்டர் ஒளி கீழே வரும், 1310 நானோமீட்டர் ஒளி மேலே போகும், ஒன்றோடொன்று மோதாது. பெட்டிவரை எல்லாம் சுகம். ஆனால் தினமும் சாயங்காலம் மகளின் காணொளி வகுப்பில் ஆசிரியரின் வாய் பாதி திறந்தபடி நின்றுவிடும். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால் “100 எம்பி முழுசா வருதே சார்” என்றார்கள். சோதித்தேன், வந்தது. அவர்கள் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் எரிச்சல்.

பிங் (ஒரு சின்னப் பொதி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கருவி) ஓடவிட்டு உட்கார்ந்தேன். 9 மில்லிவினாடி, 9, 10, 9. மனைவி வேலை முடிந்து வந்து போனைச் சார்ஜில் போட்டார். 140, 400, 850! போன் அன்றைய படங்களை மேலேற்ற ஆரம்பித்திருந்தது.

கணக்கு எளிது. எங்களுக்கு மேலேற்றம் 10 எம்பிபிஎஸ். பெட்டிக்குள் 1 மெகாபைட் இடையகம் இருந்தால் அது நிரம்பும்போது 80 லட்சம் பிட் வரிசையில் நிற்கும், வினாடிக்கு 1 கோடி பிட் வெளியேறும், ஆக கடைசியில் வந்து நிற்கும் பொதி 0.8 வினாடி காத்திருந்தாக வேண்டும். டிசிபி (இணையத்தில் பொதிகளை அனுப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நெறிமுறை) ஒரு பொதியாவது தொலைந்தால்தான் “ஓ, நெரிசல்” என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும் (பெரும்பாலும் அப்படித்தான், விதிவிலக்குகளை இங்கே இழுக்கவில்லை). இந்தப் பெட்டியோ எதையும் தொலைக்காமல் பத்திரமாகச் சேர்த்து வைக்கிறது, போனும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வகுப்பின் சின்னச் சின்னப் பொதிகள் அந்தப் படங்களுக்குப் பின்னால் நிற்கின்றன. ஜிம் கெட்டிஸ் என்ற கணினி வல்லுநர் 2010 வாக்கில் தன் வீட்டு இணைப்பில் பார்த்து ஊருக்குச் சொன்னதும் இதைத்தான். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கொண்டுவந்த கோடெல் முறை, வரிசையில் அதிக நேரம் நிற்க விடாமல் முன்கூட்டியே ஒன்றிரண்டு பொதிகளைக் கீழே போட்டுவிடும். நான் பழைய ரூட்டர் ஒன்றில் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான இலவச இயங்குதளம்) ஏற்றி, வரிசை பெட்டியில் சேராமல் ரூட்டரிலேயே நிற்க மேலேற்றத்தை 9 எம்பிபிஎஸ்ஸில் நிறுத்தி, அதன் உறவு முறையான எஃப்க்யூ-கோடெல்லை இயக்கினேன். படம் ஏறும்போதும் பிங் 20ஐத் தாண்டவில்லை. 1 எம்பியை விட்டுக்கொடுத்தால் வகுப்பு கிடைக்கிறது என்பதை வீட்டில் நம்பவைக்கத்தான் நேரம் பிடித்தது.

இப்போது சொல். இடையகம் வீங்கவில்லை, தயாரித்தபோதே பெரிதாகத்தான் வைத்தார்கள். ஆங்கிலப் பெயர் காரணத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது, நமக்கு வலிப்பது விளைவு. தூங்கு–தூக்கம், ஏங்கு–ஏக்கம் போல தேங்கு–தேக்கம். கோப்பு தேங்குகிறது, வழக்கு தேங்குகிறது என்று நாளிதழ்களே எழுதுகின்றன. பொதித்தேக்கம் என்றால் வினையும் கூடவே வந்துவிடுகிறது: “அப்லோடு பண்ணும்போது பொதி தேங்குது.” இதைப் பழுது பார்க்க வருபவரிடம் சொல்லலாம். “இடையகம் வீங்குது” என்றால் அவர் பெட்டியைத் தடவிப் பார்ப்பார்.

> லேட்டன்சிக்கு (தரவு போய்ச்சேரும் தாமதம்) சுணக்கம் என்று இருக்கிறதே, அதிலேயே அடக்கலாமே.

கூடாது என்பேன். சுணக்கத்தில் யாரோ சோம்பலாக இருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய்வர 30 மில்லிவினாடியாவது ஆகும், அதில் யார் சுணங்கினார்கள்? அதற்குச் செல்நேரம் போதும். வழியில் நிற்கும் நேரம் வேறு, அதுதான் தேக்கம். இந்த இரண்டும் போதாதென்று, 100 எம்பியை ‘வேகம்’ என்று விற்கிறார்கள். அது வாய்க்காலின் அகலம், தண்ணீரின் ஓட்டம் இல்லை. மூன்றையும் சேர்த்து “நெட் ஸ்லோ” என்று சொல்லிப் பழகியதால்தான் நான் ஒரு மாதம் தவறான இடத்தில் தேடினேன்.

பொதி என்றால் கழுதை ஞாபகம் வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். வரட்டுமே, குறுகிய சந்தில் பொதி சுமந்த கழுதைகள் வரிசையில் நிற்பதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை. இலங்கையில் உணவுப் பொதி, நிவாரணப் பொதி அன்றாடச் சொற்கள், அங்கே கழுதை குறுக்கே வராது. சிப்பம் என்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது 25 கிலோ அரிசி மூட்டை. ஒரு பொதி பொதுவாக அதிகபட்சம் 1500 பைட், மூட்டை பெரிது.

எனக்கு இருக்கும் ஒரே தயக்கம் வைஃபையில். சமையலறை மூலையில் இருக்கும் பழைய போன் ஒன்று மெதுவாகப் பேசி முடிக்கும்வரை மற்றவை வாய் திறக்க முடியாது, அங்கே தேங்குவது பெட்டியிலா காற்றிலா? அதையும் பொதித்தேக்கம் என்று சொல்லலாமா, வேறு சொல் வேண்டுமா? விக்சனரியில் (இணைய அகராதியில்) ஏற்றுமுன் இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். ரூட்டர் திசைவியா வழிப்படுத்தியா என்ற சண்டை இந்த உரையாடலில் வேண்டாம், இதுவும் தேங்கிவிடும்.