எட்டுப் பல் இருந்தது, ஆனால் பல் போடவில்லை

ஆடு மாட்டின் வயதைப் பல்லைப் பார்த்துத்தான் கணிப்பார்கள். அதில் மூன்று பேரின் அனுபவம் இது.

முதல் மாடு வாங்கப் போன கதையைச் சொல்கிறேன். ஈரோடு கருங்கல்பாளையம், வியாழக்கிழமைச் சந்தை. இன்னும் கன்று போடாத இளம் பசு, ஒரு கிடேரி, பிடித்துப்போனது. டீக்கடையில் இருந்த மாமாவுக்குப் போன் போட்டேன். “எத்தனை பல்லுன்னு பாரு மாப்ள, வந்துடறேன்” என்றார். வாயைத் திறந்து எண்ணினேன். கீழே எட்டு. மேலே முன்பக்கம் ஒன்றுகூட இல்லை, வெறும் ஈறு! பல் கொட்டிப்போன கிழட்டு மாட்டை என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று தரகரிடம் எகிறிவிட்டேன்.

மாமா வந்து உதட்டை விலக்கிப் பார்த்தார். “அட, இது இன்னும் பல்லே போடலியே!”

அப்புறம்தான் விளங்கியது. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, எந்த வயதிலும். நான் எண்ணிய எட்டும் பால்பல். சந்தையில் ‘பல்’ என்றால் பால்பல் விழுந்து முளைக்கிற அகலமான பல் மட்டும்தான் கணக்கு. ஏறக்குறைய 2 வயதில் நடுவில் ஒரு ஜோடி வரும், அது ‘ரெண்டு பல்’. பிறகு ஜோடி ஜோடியாக நாலு, ஆறு. எட்டும் வர நாலு, நாலரை வயதாகும். அதைத்தான் ‘பல் சேர்ந்த மாடு’ என்கிறார்கள். தரகர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போதும் அவருக்குத் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

*

எங்கள் வீட்டில் பக்ரீத் சமயத்தில்தான் இந்தப் பேச்சு வரும். குர்பானிக்கு, அதாவது பக்ரீத் பலிக்கு, வெள்ளாடு என்றால் 1 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆடு பிறந்த தேதியை யார் எழுதி வைக்கிறார்கள்? அதனால் அத்தா பல்லைத்தான் பார்ப்பார். ரெண்டு பல் போட்டிருந்தால் சரி. ஒருமுறை வீட்டிலேயே வளர்ந்த கிடாவுக்கு 13 மாதமாகியும் பல் விழவில்லை. பிறந்த நாள் எங்களுக்கே தெரியும் என்பதால் கொடுத்தோம். சந்தையில் அதை யாரும் சீந்தியிருக்க மாட்டார்கள்.

*

நான் பல் பார்க்கத் தெரிந்தே ஏமாந்தவன். எட்டும் சேர்ந்துவிட்டால் அதற்குமேல் எண்ணிக்கை உதவாது, தேய்மானத்தைத்தான் பார்க்க வேண்டும். நான் வாங்கிய மாட்டை மூன்றாம் ஈத்து, அதாவது மூன்றாவது கன்று போட்டது என்றார்கள். கொம்பு பளபளவென்று இருந்தது, வளையம் ஒன்றையும் காணோம். ஈத்துக்கு ஒன்றாக விழுகிற வளையத்தையெல்லாம் சீவி எண்ணெய் தடவியிருக்கிறார்கள் என்று அப்போது உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தால் பல்லெல்லாம் கட்டையாகத் தேய்ந்து, நடுவில் சந்து விட்டிருக்கிறது. விற்க மனசு வரவில்லை. சோளத்தட்டைப் பொடியாக நறுக்கிப் போட்டால்தான் தின்னும். அந்த வேலை தினமும் எனக்குத்தான்.